சர்க்கரை வியாதியும் சர்க்கார் கணக்கும்

சர்க்கரை வியாதி என்பது பணக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று நம் ஜனங்களில் பலர் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நெய்யும் பாலும் தின்று சாய்வு நாற்காலியில் கிடக்கிறவனுக்குத்தான் அது வரும், மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு வராது என்பது அவர்களுடைய அபிப்பிராயம். இது சுத்தத் தப்பு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளிவந்தது. அதன்படி இந்த நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. இந்த நாட்டில் 10 கோடிப் பணக்காரர்கள் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நாம் கேட்கின்றோம். தறிக்காரன், வண்டிக்காரன், கொத்துவேலைக்காரன், வீட்டு வேலை செய்யும் அம்மாள் ஆகிய எல்லோரும் அந்த 10 கோடியில் சேர்ந்தவர்கள்தானே?

நமக்கும் ஆறு வருஷமாக இந்த வியாதி உண்டு. மாத்திரை சாப்பிடுகிறோம், காலையில் நடக்கிறோம், கூட்டங்களுக்குப் போகிறோம், இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறோம். ஆகையால் வியாதி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நமக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் சர்க்கார் படியளக்க வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. மாத்திரையில் அடங்குகிற வியாதிக்கு மாத்திரை கிடைத்தால் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் ஆரம்பமாகி, வீட்டு வாசலுக்கே இந்த மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தது நல்ல காரியமே.

ஆனால் மாத்திரையில் அடங்காமல், ஒரு மனிதனுடைய காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் இந்த வியாதி கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று, அவனுடைய பிழைப்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறதே, அப்பொழுது அவனை இந்தச் சர்க்கார் எந்தக் கணக்கில் வைக்கிறது? இதுதான் நமது கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த நெசவாளத் தோழர் ஒருவர் இருக்கிறார். குழித்தறி நெய்கிறவர். குழித்தறி என்றால் கையால் மட்டும் நெய்வதல்ல. குழிக்குள் காலை இறக்கி மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் இழை மேலும் கீழும் விலகி நாடா ஓடும். அவருக்குச் சர்க்கரை வியாதியினால் கால் மரத்துப்போயிற்று. மரத்த காலில் ஆணி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புண் அழுகிவிட்டது. 2019-ல் முதலில் பெருவிரலையும், இரண்டு மாதம் கழித்து மற்ற நாலு விரல்களையும் எடுத்தார்கள். தறிமேல் உட்காரலாம், ஆனால் மிதிக்க முடியாது.

சர்க்காரில் உதவி உண்டு என்று யாரோ சொல்ல, அவர் சர்ட்டிபிகேட்டுக்குப் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார். டாக்டர் காலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், “ஐயா, உங்களுக்கு 20 சதவிகிதம்தான் வருகிறது. 40 இருந்தால்தான் சலுகை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் நம்மிடம் வந்து, “அண்ணே, தறி நின்னு போச்சு, ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க” என்றார். அவர் அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குத்தான் அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

டாக்டர் பேரில் நாம் குற்றம் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த கணக்கு அப்படி. அந்தக் கணக்கைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்திய சர்க்கார் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று ஒன்று செய்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் 7 விதமான குறைகளே கணக்கில் இருந்தன. புதுச் சட்டத்தில் 21 ஆயிற்று. இது முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 21-ல் சர்க்கரை வியாதி இல்லை. வியாதி கண்ணைக் கெடுத்தால் பார்வைக் குறை என்ற பெயரிலும், காலை எடுத்தால் கைகால் இயக்கக் குறை என்ற பெயரிலும்தான் சர்க்கரை வியாதிக்காரன் அந்தச் சட்டத்துக்குள் நுழைய முடியும். அப்படி நுழைந்தாலும் முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவிகிதம் குறை இருந்தாக வேண்டும்.

இந்தச் சதவிகிதத்தை எப்படி அளந்தார்கள்? 2018 ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட அளவு முறைப்படி, பெருவிரல் போனால் 10. இரண்டாம் விரலுக்கு 5. மூன்றாம் விரலுக்கு 4. நாலாம் விரலுக்கு 3. சுண்டு விரலுக்கு 2. ஒரு காலின் எல்லா விரல்களும் போனால் 20. முன் பாதம் போனால் 30. பாதி பாதம் போனால் 40. முழங்காலுக்குக் கீழே அடிப்பாகத்தில் எடுத்தால் 60. கண்ணைப் பொறுத்தவரையில், ஒரு கண் அடியோடு போய் மற்றக் கண் நன்றாக இருந்தால் 30.

கசாப்புக் கடையில் எழுதிப் போட்டிருக்கும் விலைப் பட்டியலைப் போல அல்லவா இது இருக்கிறது? அளவு ஒன்று வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவு இல்லாவிட்டால் கை நீட்டி லஞ்சம் கொடுத்தவனுக்கு 80-ம், கொடுக்காதவனுக்குப் பூஜ்யமும் விழும். ஆனால் அளக்கிற கோல் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டாமா? உடம்பிலிருந்து எவ்வளவு வெட்டப்பட்டது என்பதை அது அளக்கிறதே ஒழிய, பிழைப்பிலிருந்து எவ்வளவு வெட்டப்பட்டது என்பதை அளக்கவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற உத்தியோகஸ்தருக்கு ஐந்து விரல் போனாலும் 20. மிதித்துப் பிழைக்கிற நெசவாளிக்கு ஐந்து விரல் போனாலும் 20. உத்தியோகஸ்தரின் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. நெசவாளி வீட்டிலோ உலை வைக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே எண் போடுவதற்குச் சமத்துவம் என்று பெயர் சொன்னால், அது யாருக்குச் சமத்துவம்?

அல்லாமலும், இந்தக் கணக்கு வியாதிக்காரனிடம் என்ன சொல்லுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். “உன் விரல்தானே போயிருக்கிறது? பாதி பாதம் போகட்டும், பிறகு வா” என்றுதானே சொல்லுகிறது? கூரை பற்றி எரிகிறது என்று கூப்பிடுகிறவனிடம், சுவரும் விழட்டும், அப்புறம் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன பேதம்?

கால், கண் விஷயமாவது இப்படி. சிறுநீரகத்தின் கதி இதைவிட மோசம். சர்க்கரை வியாதி முற்றிச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போகிற நேரம், வருகிற நேரம், வந்த பிறகு எழுந்திருக்க முடியாத அசதி, இவைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மனிதனுக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பான்? ஆனாலும் 21-ல் சிறுநீரகம் இல்லை. கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் இருக்கிறது, ஆகையால் சட்டத்தின் கண்ணுக்கு அவன் குறை இல்லாத மனிதன்!

இதற்கு ஆட்சேபணை சொல்லுகிறவர்கள் மூன்று விதமாகச் சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, “இது வியாதி, ஊனம் அல்ல. வியாதிக்கு வைத்தியம்தான் உண்டு, பென்ஷன் கிடையாது” என்பது. அப்படியானால் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் அணு ரத்தச் சோகை ஆகிய மூன்று ரத்த வியாதிகளும் பார்க்கின்ஸன் வியாதியும் அந்த 21-ல் எப்படி வந்தன? அவை வந்தது நியாயம். அந்த நியாயம் ஏன் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதுதான் நமது கேள்வி. மேலும் அதே சட்டத்தின் 2-வது பிரிவு, மாற்றுத்திறனாளி என்பவர் யார் என்று விளக்கம் சொல்லுகிறது. நீண்ட காலக் குறை ஒன்று இருந்து, அது வெளியிலுள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கெடுக்க முடியாதபடி ஒருவரைத் தடுக்குமானால் அவர் மாற்றுத்திறனாளி என்பது அதன் கருத்து. இந்த விளக்கத்தில் விரல் எண்ணிக்கை இல்லை, 40-ம் இல்லை. சுப்ரீம் கோர்ட்டும் 2021 பிப்ரவரியில், கையால் எழுத முடியாத ஒருவர் வழக்கில், 40 இல்லை என்பதற்காகப் பரீட்சையில் அவருக்கு எழுதுகிற உதவியாளை மறுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே சட்டத்தின் வாசல் அகலம். உள்ளே போகும் சந்துதான் குறுகல். சந்தைக் குறுக்கியவர்கள் மனிதர்கள். அதை அகலப்படுத்தவும் மனிதர்களால் முடியும்.

இரண்டாவது, “10 கோடிப் பேருக்கும் கொடுத்தால் கஜானா என்னாவது?” என்பது. 10 கோடிப் பேருக்கும் கொடுக்கச் சொன்னவர் யார்? பிற தேசத்தார் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் இந்தப் பயம் தீரும். அமெரிக்க சர்க்கார் தன்னுடைய குறைகள் பட்டியலிலிருந்து சர்க்கரை வியாதியை 2011 ஜூனில் எடுத்தே விட்டது. வைத்தியம் முன்னேறிவிட்டது, பெரும்பாலோர் வேலை செய்ய முடிகிறது என்பது காரணம். ஆனால் எடுத்ததோடு கதவைச் சாத்திவிடவில்லை. வியாதி எந்த உறுப்பைக் கெடுத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதிலும் தேறாவிட்டால், இந்த மனிதனுக்கு என்ன வயது, என்ன படிப்பு, இதுவரை என்ன வேலை செய்தான், இனி என்ன வேலை செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். தினமும் இன்சுலின் வேண்டியிருக்கிற 6 வயதுக்கு உட்பட்ட குழந்தையை மேற்கொண்டு கேள்வி கேட்காமல் குறையுள்ள குழந்தை என்று ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஜெர்மனியிலோ, நாளைக்கு நாலு தடவையாவது இன்சுலின் குத்திக்கொண்டு, அளவைத் தானே பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டு, அதனால் வாழ்க்கை நடத்துவதே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் 50 என்று போட்டு, பெருங்குறையுள்ளவர் என்று சர்ட்டிபிகேட்டு கொடுக்கிறார்கள். அந்தத் தேசங்களின் கஜானா இதனால் கவிழ்ந்துவிடவில்லை. வியாதியின் பெயரைப் பார்க்காதே, வேலை செய்யும் சக்தியைப் பார் என்பதுதான் அங்கே உள்ள நியாயம். இங்கே பெயரையும் பார்ப்பதில்லை, சக்தியையும் பார்ப்பதில்லை, விரலை எண்ணுகிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபணைதான் நமக்கு மிகவும் முக்கியமானது. “கண்டதைத் தின்றான், உடம்பைக் கெடுத்துக்கொண்டான், அனுபவிக்கட்டும்” என்பது அது. படித்தவர்கள்கூட இதைச் சொல்லுகிறார்கள். தோழர்களே, இது என்ன பேச்சு என்று தெரிகிறதா? முற்பிறப்பில் பாவம் செய்தான், குஷ்டம் வந்தது, அனுபவிக்கட்டும் என்று நம் பாட்டன்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அதே பேச்சுதான். பூர்வ ஜென்மத்துக்குப் பதில் பூர்வ பலகாரம் என்று மாற்றியிருக்கிறார்கள். கர்மம் என்ற பழைய சரக்குக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் காலை ஒடித்துக்கொண்டவனுக்குக்கூடக் காலை மட்டும் பார்த்துச் சதவிகிதம் போடுகிறார்களே ஒழிய, ஏன் குடித்தாய் என்று கேட்பதில்லை. அதுதான் சரியான முறையும்கூட. சர்க்கரை வியாதிக்காரனிடம் மட்டும் ஏன் நீதி போதனை செய்ய வேண்டும்?

நிற்க, நாலு வயதுக் குழந்தைக்கு இந்த வியாதி வருகிறதே, அது எந்தப் பலகாரத்தைத் தின்றது? சர்க்கரை வியாதியில் ஒரு வகை, உடம்பே தன் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துக்கொள்ளுவதால் வருவது. பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் வரும். தினமும் பல தடவை ஊசி குத்தாவிட்டால் பிழைக்க முடியாது. 1921-ல் கனடா தேசத்தின் டொரான்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரையில், இந்தப் பிள்ளைகளுக்கு மரணத்தைத் தவிர வேறு கதி இல்லை. அதுவரை இந்தப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளாத தாய் இல்லை. காப்பாற்றிய தெய்வம் ஒன்றும் இல்லை. காப்பாற்றியவர்கள் மனிதர்கள். அவர்களும் 1923-ல் அந்த உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படிப் பிழைத்த பிள்ளை இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. பரீட்சை நடுவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் ஒரு வாய் தின்ன வேண்டும். மத்திய செகண்டரி கல்விப் போர்டு 2017-ல்தான் அந்தப் பிள்ளைகள் பரீட்சை அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. இந்த அனுமதி ஒன்றுக்கே இத்தனை காலம் பிடித்தது என்றால், மற்றதற்கு எத்தனை காலம் பிடிக்கும்?

இதைச் சொல்லும்போதே நம் ஜனங்களின் மூடப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சர்க்கரை வியாதியினால் மரத்துப்போன காலுக்குச் செருப்புதான் காவல். அந்தக் காலை வைத்துக்கொண்டு, நேர்ந்துகொண்டேன் என்று வெறுங்காலோடு பல மைல் பாதயாத்திரை போகிறார்கள். நடுப்பகலில் கொதிக்கிற கல்லில் பிரகாரம் சுற்றுகிறார்கள். சிலர் தீயே மிதிக்கிறார்கள். சுட்டது தெரியவில்லை என்றால் சாமியின் சக்தி என்று சந்தோஷப்படுகிறார்கள். அது சாமியின் சக்தி அல்ல. நரம்பு செத்துப்போனதன் அடையாளம். மறுநாள் கொப்புளம், அடுத்த வாரம் புண், அடுத்த மாதம் விரல் இல்லை. விரல் போன பிறகு சாமி சதவிகிதம் போடாது. சர்க்கார் டாக்டர்தான் போட வேண்டும். அவரும் 10 என்றோ 20 என்றோதான் போடுவார்.

இனி, அந்த நெசவாளத் தோழரின் கதையில் மீதியைச் சொல்லுகிறோம். 2021-ல் அவருக்கு ஒரு கண்ணுக்குள் ரத்தக் குழாய் உடைந்து பார்வை போயிற்று. மற்றக் கண் நன்றாகத் தெரிந்தது. கண் டாக்டர், “ஒரு கண்ணுக்கு 30தான், 40 வராது” என்றார். ஆக, கால் டாக்டரிடம் போனால் 20, போதாது. கண் டாக்டரிடம் போனால் 30, போதாது. இரண்டு வாசலிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலும் அந்தக் கண்ணும் ஒரே மனிதனுடையவை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

நாம் அந்த விதிகளை வாங்கி, தெரிந்தவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து பார்த்தோம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் இருந்தால் சேர்த்துக் கணக்கிடும் முறை அதிலேயே இருந்தது. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். 90-ல் அதைக் கழிக்க வேண்டும். கழித்து வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். நமது தோழருக்குப் பெரிய எண் 30. 90-ல் 30 போனால் 60. 60-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,200. அதை 90-ஆல் வகுத்தால் 13-ம் சில்லறையும். 30-ம் 13-ம் 43.

2022-ல் நாமும் கூடப் போனோம். வாசலில் அவர் வழக்கம்போலத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனார். “தோளிலேயே இருக்கட்டும், நாம் பிச்சைக்கு வரவில்லை” என்றோம். இரண்டு டாக்டர்களின் சீட்டையும் கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று எழுதிய மனுவையும் கொடுத்தோம். அங்கிருந்த டாக்டர்கள் நியாயஸ்தர்கள். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், 43 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வேலை. இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்ய ஆளில்லாமல் அந்த மனிதர் அத்தனை மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குத் தெரியாத கணக்கை அவராகக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நிர்வாகம்?

43 கிடைத்ததால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய சர்க்கார் 2009-ல் ஆரம்பித்த இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் பென்ஷனுக்கு 80 சதவிகிதம் வேண்டும் என்று வைத்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் தங்கள் பங்காக 2012-ல் நிர்ணயித்த தொகை மாதம் 300 ரூபாய், அதாவது நாளைக்கு 10 ரூபாய்! மாநில சர்க்காரின் திட்டங்களுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு, ஒவ்வொரு மனு. ஆனாலும் 40-ஐத் தாண்டினால் சில கதவுகள் திறக்கின்றன. சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 4 இடம், மேல்படிப்பில் 100-க்கு 5 இடம், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வீடு நிலம் ஒதுக்குவதிலும் 100-க்கு 5 என்று சட்டம் சொல்லுகிறது. நமது தோழர் அந்த 43-ஐ வைத்துத் தொழில் கடனுக்கு மனுப் போட்டார். இன்று அவர் மகள் தறியை மிதிக்க, அவர் பாவு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முழுப் பரிகாரம் இல்லைதான். ஆனாலும் உலை கொதிக்கிறது.

சர்க்கார் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 20-வது பிரிவு காவலாக இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் குறை ஏற்பட்டால் அவரை நீக்கவும் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. கண் கெட்ட டிரைவரும் கால் கெட்ட பியூனும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பயந்து தானாக ராஜினாமா எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆனால் தறிக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் இந்தக் காவல் இல்லை. இருப்பவனுக்கே மேலும் காவல், இல்லாதவனுக்கு விரல் கணக்கு என்பதே இந்த நாட்டு முறையாக இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஊசி இல்லாமல் உயிர் வாழ முடியாத பிள்ளைகளையும், சிறுநீரகம் கெட்டு இயந்திரத்தை நம்பி வாழ்கிறவர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலில் புதிதாகச் சேர்க்க மத்திய சர்க்காருக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. கண், கால், காது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்த்து, கேட்காமலே சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். உறுப்பு எவ்வளவு போயிற்று என்பதோடு, அந்த மனிதன் எந்தத் தொழில் செய்து பிழைத்தான், இனி அதைச் செய்ய முடியுமா என்பதையும் அளக்க வேண்டும். காலை எடுக்க ஆகும் செலவில் பல பேருக்குத் தக்க செருப்பு வாங்கலாம். அதைப் புண் வருமுன் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2010-ல் ஊனமுற்றோர் என்ற சொல்லை எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயரை மாற்றியது நல்லதே. கணக்கையும் மாற்றினால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு.

சர்க்கார் இவற்றைச் செய்யும் வரையில் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வியாதியை மறைக்காதீர்கள்; அது பாவமும் அல்ல, வெட்கப்பட வேண்டிய காரியமும் அல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். கால், கண் இரண்டிலும் குறை இருந்தால் சேர்த்துக் கணக்கிடும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள். கொடுத்த சதவிகிதம் சரியில்லை என்று தோன்றினால் 59-வது பிரிவின்படி அப்பீல் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. தரகனுக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுக்கிற காசு அவன் வீட்டுக்குப் போகுமே தவிர உங்கள் சதவிகிதத்தில் சேராது. படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேராவது இந்த விதிகளைப் படித்து வைத்துக்கொண்டு, தெரியாதவர்களுக்குத் துணையாகப் போக வேண்டும். இதைவிடப் பெரிய பிரசாரம் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று. சர்க்கார் கொடுப்பது தானம் அல்ல. தறியில் உட்கார்ந்து நாட்டுக்குத் துணி கொடுத்தவன், வயலில் இறங்கி நெல் கொடுத்தவன், வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் வரி கொடுத்தவன், தன் உடம்பு ஓய்ந்தபோது அதில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கிறான். அவ்வளவுதான். தன் பங்கைக் கேட்கிறவன் எதற்காகத் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும்? துண்டு தோளிலேயே இருக்கட்டும், தோழர்களே.